உருகும்போதுதான் உடையும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் திருவல்லிக்கேணிப் பக்கமாகக் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு ஐஸ் ஹவுஸைத் தெரியாமல் இராது. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். 1897-ல் சுவாமிகள் அங்கே தங்கியிருந்தார். ஆனால் 1842-ல் அந்தக் கட்டடம் எழுந்தபோது அதில் தங்க வந்த விருந்தாளி வேறு. அமெரிக்காவில் பாஸ்டன் பட்டணத்துச் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஏரி குளங்களிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டி கப்பலேறி, மரத்தூள் போர்த்திக்கொண்டு, பூமியைப் பாதி சுற்றி வந்து அங்கேதான் குடியிருந்தது.

இந்த வியாபாரத்தை நடத்தியவர் பிரடரிக் டியூடர் என்ற பாஸ்டன்காரர். 1833-ல் அவர் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டி ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பிரயாணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது. அப்புறம் பம்பாய்க்கும் சென்னைக்கும் அந்தச் சரக்கு வரத் தொடங்கியது. வால்டன் குளத்தின் கரையில் குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்த தோரோ, 1846-47 குளிர்காலத்தில் நூறு பேர் வந்து அந்தக் குளத்தின் பனியை அறுத்ததைக் கண்ணால் பார்த்தவர். 1854-ல் வெளியான தம் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதுகையில் நம் சென்னையின் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

இத்தனை தூரம் பீடிகை போடக் காரணம் இருக்கிறது. பனிக்கட்டியை நமக்கு விற்றுப் பணம் பண்ணிய அந்த ஊர்க்காரர்களுக்கு, அதே பனிக்கட்டி வீட்டுக்குள் வந்தால் என்ன கதி என்பதை நான் ஒரு ஜனவரி மாதத்தில் தெரிந்துகொண்டேன். கட்டணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன் என்றே சொல்லலாம். கொடுத்தது என் அக்காள் மகன்.

அவன் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பழைய மர வீடு ஒன்றை வாங்கியிருக்கிறான். மனைவிக்கு முதல் பிரசவம். அக்காவுக்குத் தனியாக விமானம் ஏறப் பயம். “நீ கூட வாடா. கதை எழுதுகிறவனுக்கு எந்த ஊரில் இருந்தால் என்ன?” என்றாள். போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்காவும் அவர்களோடு போய்விட்டாள். வீட்டுக்குக் காவல் நான்.

புறப்படும்போது அக்காள் மகன் ஒன்றுதான் சொன்னான்: “மாமா, தெர்மாஸ்டாட்டைத் தொடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

தொடாதே என்று எதைச் சொன்னார்களோ அதைத் தொட்ட கதைதானே மனித சரித்திரம்! ஆனால் என் சொந்தக் கதைக்கு முன்னால், நான் தொட்ட அந்த வஸ்து எப்படி உலகத்துக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்தேசத்து மனிதனுக்கு வீட்டுக்குள் நெருப்பு வேண்டும், நெருப்பின் புகை வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் அவன் இரண்டாயிரம் வருஷம் பாடுபட்டிருக்கிறான். ரோமாபுரிக்காரர்கள் தரையைச் சிறு சிறு செங்கல் தூண்களின் மேல் தூக்கிக் கட்டி, அடியில் அடுப்பின் அனல் ஓடும்படி செய்தார்கள். கொரியாக்காரர்கள் சமையல் அடுப்பின் அனலையே படுக்கை அறைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு, அதற்கு ‘ஓண்டோல்’ என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் விறகு போய்க் கரிக்கட்டி வந்தபோது, தரையில் விழுந்த கீறல் வழியாக விஷப்புகை கசிந்து, உறங்கினவர்கள் எழுந்திராமலே போன குடும்பங்கள் அங்கே எத்தனையோ. இப்போது அதே தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

நான் போயிருந்த மாஸசூஸெட்ஸ் மண் இந்த விஷயத்தில் விசேஷமானது. அடுப்புச் சாஸ்திரத்தின் இரண்டு பெரிய பண்டிதர்கள் அங்கே பிறந்தவர்கள். ஒருவர் 1706-ல் பாஸ்டனில் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின். சுவரில் குடைந்த கணப்பில் எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடுவதைக் கண்டு, இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்புச் செய்தார். 1744-ல் அதை விளக்கிச் சிறு புத்தகமும் வெளியிட்டார். பென்சில்வேனியா கவர்னர் அதற்கு ஏகபோக உரிமை தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். பிறர் கண்டுபிடித்தவற்றை நாம் அனுபவிக்கிறோமே, நம்முடையதைப் பிறர் அனுபவிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம்.

மற்றவர் 1753-ல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஊபர்ன் என்ற ஊரில் பிறந்த பெஞ்சமின் தாம்ஸன். இவர் பிராங்க்ளினுக்கு நேர் எதிரான ஆசாமி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கில ராஜா பக்கம் நின்று, ஊரை விட்டு ஓடி, பவேரியா தேசத்தில் உத்தியோகம் பார்த்து, ரம்போர்ட் பிரபு என்ற பட்டமும் வாங்கினவர். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினால் அனல் அறைக்கும் புகை மேலேயும் போகும் என்று 1796-ல் எழுதினார். லண்டன் வீடுகளில் அதைப் பின்பற்றிக் கணப்புகளை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். வெப்பம் என்பது ஒரு பண்டம் அல்ல, அது ஒரு வகை அசைவு என்று பீரங்கி துளைக்கும் பட்டறையில் சோதித்துச் சொன்னவரும் இவரே.

ஆனாலும் அடுப்பு இருக்கிற அறையில்தான் சூடு. அடுத்த அறையில் மைக்கூடு உறையும். சூட்டை அறை அறையாக எடுத்துப்போக ஒரு வாகனம் வேண்டியிருந்தது. அந்த வாகனம் தண்ணீர். ஆரம்ப காலத்தில் அதில் ஏறினவர்களில் கோழிக்குஞ்சுகளும் உண்டு! பிரான்ஸ் தேசத்தில் போன்மேன் என்பவர் 1777-ல் முட்டைகளைப் பொரிக்க வைப்பதற்காக வெந்நீரைக் குழாயில் சுற்றவிட்டார். சூடு ஏறினால் அடுப்பின் காற்றைத் தானே குறைக்கும் கருவி ஒன்றும் அதில் வைத்திருந்தார். 1831-ல் ஏஞ்சியர் பெர்க்கின்ஸ் என்பவர் லண்டனில் கனத்த சிறு குழாய்களில் மிகுந்த அழுத்தத்தோடு வெந்நீரை ஓட்டும் முறைக்கு உரிமை பெற்றார். 1850-களில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பிரான்ஸ் ஸான் கல்லி என்ற தொழிலதிபர் வார்ப்பிரும்பு ரேடியேட்டரைச் செய்தார். ருஷ்யக் குளிருக்கு அது ஈடு கொடுத்தது. 1877-ல் நியூயார்க் மாகாணத்து லாக்போர்ட்டில் பேர்ட்ஸில் ஹாலி என்பவர் ஓர் இடத்தில் பாய்லரை வைத்து, தெருவுக்கு அடியில் குழாய் போட்டுப் பல வீடுகளுக்கு நீராவி அனுப்பினார்.

இனிப் பாக்கி இருந்தது அதற்கு ஒரு மூளை. விஸ்கான்ஸின் மாகாணத்தில் வொயிட்வாட்டர் என்ற ஊரில் வாரன் ஜான்ஸன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். பாடம் நடக்கும்போது பள்ளிக்கூடச் சேவகன் அடிக்கடி வகுப்புக்குள் வந்து உஷ்ணமானியைப் பார்த்துவிட்டுக் கீழே போய் அடுப்பைச் சரிசெய்வான். பாடம் கெடுவது வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. 1883-ல் அறையின் சூடு மாறினால் சேவகனுக்கு மணியடித்துச் சொல்லும் மின்சாரக் கருவிக்கு உரிமை பெற்றார். இரண்டு வருஷம் கழித்து மினியாபொலிஸ் நகரத்தில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் சேவகனையே வேண்டாமென்றார். அறை குளிர்ந்தால் உலையின் கதவு தானே திறந்து காற்று புகும்படி செய்தார். இன்று சுவரில் ஒட்டியிருக்கும் தெர்மாஸ்டாட்டுக்கு இவர்கள்தாம் மூதாதைகள்.

அதைத்தான் நான் தொட்டேன்.

நியூ இங்கிலாந்துப் பிரதேசத்து வானிலை நிலையில்லாததற்குப் பேர்போனது. மார்க் ட்வைன் 1876-ல் ஒரு விருந்தில் எழுந்து அதைப் பற்றியே ஒரு பிரசங்கம் செய்து எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறார். நான் பார்த்ததும் அப்படித்தான். நாலு நாளாகப் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் தெற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. நம் ஊர் மார்கழி மாதிரி இதமாக இருந்தது.

கார் ஷெட்டுக்கு மேலே ஒரு விருந்தினர் அறை. ஒருவரும் இல்லாத அந்த அறைக்குத் தனித் தெர்மாஸ்டாட், தனிப் பம்பு. ஆளில்லாத அறைக்கு எதற்கு இத்தனை சூடு என்று என் தஞ்சாவூர் ஜில்லாச் சிக்கனம் கேட்டது. மின்விளக்கை அணைக்காமல் போனால் வீட்டையே அதிரவைக்கும் தகப்பனாரிடம் வளர்ந்தவன் நான். தெர்மாஸ்டாட்டை நிறுத்தினேன். அடைத்துவைத்த அறை வாடை போகட்டும் என்று ஜன்னலையும் நாலு விரற்கடை திறந்தேன். கீழே வந்து காபி போட்டுக் குடித்துவிட்டுக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. இரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு. நான் கீழ்த்தளத்தில் சூடாகப் படுத்திருந்தேன். எனக்கு என்ன தெரியும்?

காலையில் ஞாபகம் வந்து மாடிக்குப் போனால், அறை கருங்கல்லாகக் குளிர்ந்திருந்தது. ஜன்னலைச் சாத்தி, தெர்மாஸ்டாட்டைத் திருகினேன். ரேடியேட்டர் சுடவில்லை. நேரமாகும் என்று நினைத்தேன். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் ஒழுகவில்லை, தப்பித்தோம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். பத்து மணிக்கு வெயில் ஏறியது. பதினோரு மணிக்கு எங்கோ பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். கார் ஷெட்டின் விதானம் நனைந்து, தொங்கி, மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

அக்காள் மகனுக்குப் போன் செய்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“மாமா, பதறாதீங்க. நிலவறைப் படிக்கட்டு ஆரம்பத்திலே சிவப்புத் தகட்டிலே ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அணைச்சிடுங்க. பாய்லர் நிக்கும். அப்புறம் கீழே இறங்கினால் பாய்லருக்குத் தண்ணி போகிற குழாயிலே ஒரு வால்வு. அதை மூடுங்க.”

“மூடிவிட்டேன்... நின்றுவிட்டது. அப்பா, நான்தான்டா...”

“அது இருக்கட்டும் மாமா. பொண்ணு பிறந்திருக்கா. நாளன்னிக்கு வீட்டுக்கு வந்துடுவோம்.”

அந்த மாதிரி நல்ல செய்தியை அந்த மாதிரி ஒரு நிலையில் கேட்கிற பாக்கியம் யாருக்கும் வேண்டாம். வெளியே உறைகிற குளிர். உள்ளே அடுப்பு அணைந்த வீடு. பிறந்து மூன்று நாள் ஆகாத சிசு வரப்போகிறது. பாய்லர் நின்றால் குளிர்வது ஓர் அறை மட்டும் அல்ல. மணிக்கு மணி வீடு முழுவதும் குளிரும். மற்றக் குழாய்களும் உறையத் தொடங்கும். முழங்கால் நடுக்கம் குளிரினாலா பயத்தினாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நாலு மணிக்கு ஒரு கிழப் பிளம்பர் வந்தார். விதானத்தை அறுத்து, செப்புக் குழாயைக் கண்டுபிடித்து, வெடித்த துண்டை வெட்டியெடுத்து என் கையில் கொடுத்தார். மீன் வாய் திறந்த மாதிரி ஓர் அங்குல நீளப் பிளவு. “நேற்று ராத்திரியே வெடித்துவிட்டது. பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருந்ததால் உமக்குத் தெரியவில்லை. உருகினதும் தெரிந்தது” என்றார். நான் கண்ட காரண காரியம் தலைகீழ் என்று அப்போதுதான் விளங்கியது. வெயில் குழாயை உடைக்கவில்லை. உடைந்ததை அம்பலப்படுத்தியது.

காலேஜில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன்தான் நான். தண்ணீர் நாலு டிகிரிக்குக் கீழே குளிரக் குளிரப் பெருக்கும், பனிக்கட்டியானால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். எழுதினது குழாய்க்குள் நடக்கும் என்று தோன்றவில்லை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பனி கட்டிய இடத்திலேயே குழாய் வெடிக்க வேண்டும் என்பதில்லை. வளர்கிற பனிக்கட்டி தக்கை மாதிரி நின்று, மூடிய வால்வுக்கும் தனக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது. அந்த நெருக்குதல் தாங்காமல் பனியே இல்லாத இடத்தில் குழாய் பிளக்கும். அதனால்தான் கடுங்குளிரில் அவ்வூர்க்காரர்கள் குடிநீர்க் குழாயை நூலளவு சொட்டவிட்டு வைக்கிறார்கள். தண்ணீர் ஓடுவது ஒரு காப்பு, நெருக்குதலுக்கு வழி விடுவது பெரிய காப்பு.

எனக்கு நேர்ந்தது தேசங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அதைப் பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல், நிறையத் துக்கம்.

பிரிட்டனில் 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி 1963 மார்ச் வரையில் தரையை விடவில்லை. வெளிச்சுவரில் குழாய் பதிக்கும் பழக்கமுள்ள வீடுகள் பட்ட பாடு பெரிது. அமெரிக்கக் கவி ஸில்வியா பிளாத் லண்டனில் இரண்டு குழந்தைகளோடு உறைந்த குழாய்களின் நடுவே அவதிப்பட்டதை ‘ஸ்நோ பிளிட்ஸ்’ என்று ஒரு கட்டுரையாக எழுதினார். வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், பிப்ரவரி 11-ந் தேதி, அவர் இறந்துபோனார்.

2010 டிசம்பரில் வட அயர்லாந்தில் காஸில்டெர்க் என்ற ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே 18.7 டிகிரி வரை இறங்கியது. ஜனங்கள் சமாளித்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு சட்டென்று இளகியது. அப்போதுதான் விபரீதம். விடுமுறைக்காகப் பூட்டிக் கிடந்த கட்டடங்களிலும் வீடுகளிலும் தெருவின் அடியிலும் குழாய்கள் ஒழுகி, நீர்த்தேக்கங்கள் வற்றிப்போயின. ஏறக்குறைய 40,000 வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து குடிநீர் வந்தது. நீர் வாரியத்தின் தலைமை அதிகாரி 2011 ஜனவரியில் பதவியை விட்டார். அதே டிசம்பரில் பிரிட்டனில் எங்கும் இன்னொரு வினோதம். எரிவாயுவைச் சிக்கனமாக எரிக்கும் புதுவகைப் பாய்லர்கள் 2005 முதல் கட்டாயமாகியிருந்தன. அவற்றிலிருந்து சொட்டும் நீர் வெளியேற ஒரு சிறு குழாய் சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும். அது உறைந்து அடைத்ததும் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. விரல் பருமன் குழாய்க்காக வீடு முழுவதும் குளிர்ந்தது. வெதுவெதுப்பான நீரை அந்தக் குழாயின்மேல் ஊற்றினால் போதும் என்று தெரியாதவர்கள் ரிப்பேர்க்காரருக்காகக் காத்திருந்தார்கள்.

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நடந்ததோ மகா கொடுமை. வெயிலுக்காகவே கட்டிய வீடுகள். குழாய்கள் பலவற்றில் கூரைக்கு அடியில் திறந்த பரணில் ஓடின. கடுங்குளிர் வந்ததும் மின்சார உற்பத்தி நிலையங்களும் எரிவாயுக் கிணறுகளும் சேர்ந்து உறைந்தன. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் விளக்கும் சூடும் போயின. மின்வலை அடியோடு விழுவதற்கு 4 நிமிஷம் 37 விநாடிதான் பாக்கி இருந்ததாக அதிகாரிகளே பின்னால் சொன்னார்கள். மாகாண அரசின் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலோர் குளிரில் விறைத்து இறந்தார்கள். சிலர் சூட்டுக்காகக் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் மூட்டி, அந்தப் புகையில் மாண்டார்கள். கொரியாவின் தரைக் கீறலிலிருந்து வந்த அதே எமன்தான். நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இவ்வளவுக்கும் அவர்கள் கண்டிருக்கும் பரிகாரங்களைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும், அத்தனை எளிமை. ஆளில்லாவிட்டாலும் வீட்டை 13 டிகிரிக்குக் கீழே போகவிடாதே. குழாய்க்குக் கம்பளி சுற்று. வெளிச்சுவர் ஓரத்து அலமாரிக் கதவைத் திறந்துவை, அறைச் சூடு குழாய்க்குப் போகட்டும். நீண்ட நாள் ஊருக்குப் போனால் தண்ணீரை வடித்துவிடு, அல்லது பாய்லர் நீரில் உறையாத திரவம் கலந்துவை. உறைந்த குழாயை நெருப்பால் காட்டாதே. வால்வு எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் வெயிலை நம்பாதே. தொடர்ந்த குளிரில் மனிதன் ஜாக்கிரதையாக இருக்கிறான். நடுவே இளகுகிற நாளில்தான் ஜன்னலைத் திறக்கிறான்.

அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிளம்பர் குழாய்க்கு ஈயம் பற்றவைத்து, தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரும்பு ‘டிக் டிக்’கென்று சத்தம் போட்டுச் சுடத் தொடங்கியது. நம் வீட்டு முற்றத்தில் செப்புப் பாய்லரில் கரி போட்டு, எண்ணெய் ஸ்நானத்துக்கு வெந்நீர் காய்கிற சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. மணிக்கு ஒரு தரம் எழுந்து எல்லா ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் குழந்தை வந்தது. அக்கா அதை என் மடியில் வைத்து, “வீடு கதகதப்பா இருக்கே. பரவாயில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டாய்” என்றாள். அக்காள் மகன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதானத்து ஓட்டையை அக்கா கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் சொன்னதை இங்கே எழுத இடமில்லை.

வெடித்த அந்தச் செப்புத் துண்டு இப்போது சென்னையில் என் எழுத்து மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது. சாயங்காலங்களில் கடற்கரைக்குப் போகும்போது ஐஸ் ஹவுஸைத் தாண்டித்தான் நடக்கிறேன். உருகிவிடப் போகிறதே என்று மரத்தூளுக்குள் பொத்திப் பொத்தி அதை இங்கே வைத்திருந்தவர்களை நினைத்துக்கொள்வேன். மாஸசூஸெட்ஸில் அது உருகியபோது வாளியோடு ஓடினவன் நான்.